முன்பள்ளிகளில் ஆண் ஆசிரியர் ஏன் இல்லை? சின்னத் தீவு நாடுகளை வைத்து ஓர் எளிய விளக்கம்

முன்பள்ளிகளில் ஏன் ஆண் ஆசிரியர்களைக் காணவில்லை என்று கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலு பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். “ஆம்பிளைகளுக்குப் பொறுமை காணாது” என்பார் ஒருவர். “அந்தச் சம்பளத்துக்கு எந்த ஆம்பிளை வருவான்?” என்பார் இன்னொருவர். “அது பெண்களுக்கு மட்டும் என்றுதானே சட்டம்” என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி ஒரு சட்டம் இல்லை. பொறுமைக் கதைக்கு ஆதாரம் இல்லை. சம்பளக் கதையில் உண்மை இருக்கிறது, ஆனால் அதை மட்டும் வைத்து முழு விஷயத்தையும் விளக்க முடியாது.

இந்தப் பேச்சு பெரும்பாலும் ஆண்களின் குணத்தைப் பற்றிய வாக்குவாதமாகவே முடிந்துவிடுகிறது. பார்க்க வேண்டியது அந்த வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை. அதைச் சின்னத் தீவு நாடுகளில் பார்ப்பது இன்னும் சுலபம், ஏனென்றால் பெரிய நாடுகளில் மங்கலாகத் தெரிவதெல்லாம் அங்கே பளிச்சென்று தெரியும்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்?

முன்பள்ளி என்று இங்கே சொல்வது மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் போகும் இடத்தை. நாங்கள் நேசரி என்போம், மொண்டிசோரி என்போம், பாலர் பாடசாலை என்போம். எல்லாம் இந்தக் கட்டுரைக்கு ஒன்றுதான். முதலாம் ஆண்டிலிருந்து தொடங்குவது பாடசாலை, அது வேறு.

இந்த வித்தியாசம் முக்கியம். இலங்கைப் பாடசாலைகளில் ஆசிரியர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு பெண்கள். அதாவது ஆண்கள் குறைவு, ஆனாலும் இருக்கிறார்கள். முன்பள்ளிக்கு வந்தால் ஏறத்தாழ எல்லோருமே பெண்கள். உலகம் முழுவதையும் எடுத்தாலும் முன்பள்ளி ஆசிரியர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்கள்தான். ஆகவே இது தீவுகளுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. ஆனால் சின்னத் தீவுகளில் ஆண்களின் எண்ணிக்கை அடிக்கடி பூச்சியத்தைத் தொட்டுவிடுகிறது.

‘வளரும் சிறு தீவு நாடுகள்’ என்று ஐக்கிய நாடுகள் சபை ஒரு பிரிவை வகுத்து வைத்திருக்கிறது. 1992இல் ரியோவில் நடந்த புவி உச்சி மாநாட்டில் இந்த நாடுகளின் சிக்கல்கள் தனியாகக் கவனிக்கப்பட வேண்டியவை என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. எங்கள் கடல் பக்கத்தில் மாலைதீவு, மொரிஷியஸ், சீஷெல்ஸ் அதில் உண்டு. இலங்கை இல்லை. இரண்டு கோடிக்கு மேல் ஆட்கள் வாழும் நாடு இது. ஆனால் முன்பள்ளி விஷயத்தில் எங்கள் நிலைமையும் அவர்களுடையதும் ஒரே அச்சு. மேலும் மாலைதீவுக் குடும்பங்கள் கொழும்பில் வாடகைக்கு வீடெடுத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கின்றன, இங்கிருந்து ஆசிரியர்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். தூரத்து விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

தாங்கியும் குழாயும்

மாடி வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கியில் தண்ணீர் குறைவாக இருந்தால் காரணம் இரண்டு இடத்தில் இருக்கலாம். உள்ளே வரும் குழாய் ஒடுக்கமாக இருக்கலாம், அல்லது கீழே எங்கேயோ ஒழுகலாம். இரண்டும் சேர்ந்தும் நடக்கலாம். ஒழுக்கை அடைக்காமல் மோட்டரை மட்டும் ஓடவிட்டால் மின்சாரக் கட்டணம்தான் கூடும்.

இன்று முன்பள்ளிகளில் இருக்கும் ஆண்களின் எண்ணிக்கையை ‘இருப்பு’ என்று வைப்போம். வருடாவருடம் புதிதாகச் சேர்பவர்கள் ‘வரவு’. விட்டுப் போகிறவர்கள் ‘ஒழுக்கு’. பொதுப் பேச்சு முழுக்க வரவைப் பற்றியே இருக்கிறது. ஒழுக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, வந்த கொஞ்சப் பேர் ஏன் நிற்கவில்லை என்று அவர்களிடம் கேட்பதும் இல்லை.

வரவு ஏன் ஒடுக்கம்?

சிறுவர் பள்ளி என்ற யோசனையைத் தொடங்கிவைத்தவர் ஓர் ஆண். ஜேர்மனியில் 1837இல் பிரெடெரிக் புரோபல் தன் முதல் சிறுவர் நிலையத்தைத் திறந்தார். ஆனால் அதில் கற்பிக்கப் பெண்களே பொருத்தம் என்று அவரே நம்பினார், பெண்களைப் பயிற்றுவித்தார். தாய்மையின் நீட்சியாக இந்த வேலையைப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்தே வருகிறது. மரியா மொண்டிசோரி 1944இல் இலங்கைக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியபோது அந்த எண்ணம் இங்கேயும் ஊறிப்போயிருந்தது. ‘தாய்மாருக்கு இயல்பாக வருகிற வேலை’ என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அடுத்த படி தானாக வந்துவிடும்: இயல்பாக வருகிற வேலைக்கு ஏன் பெரிய சம்பளம்?

இப்படி ஒரு தொழில் முழுக்க ஒரு பாலாரின் பக்கம் சாய்ந்து நிற்பதைப் ‘பால்வழித் தொழில்பிரிவு’ என்பார்கள். சாய்ந்தபின் அது தன்னைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும். பெண்கள் செய்வதால் சம்பளம் குறைவு, சம்பளம் குறைவானதால் ஆண்கள் வருவதில்லை, ஆண்கள் வராததால் அது இன்னும் உறுதியாகப் ‘பெண்கள் வேலை’ ஆகிறது.

இலங்கையில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் பின் முன்பள்ளி மாகாண சபைகளின் பக்கம் போனது. 2016இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 19,668 முன்பிள்ளைப் பருவ நிலையங்கள் பதிவாகின. இவற்றில் பெரும்பங்கு தனியார், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சங்கங்கள் நடத்துபவை. பெரும்பாலான முன்பள்ளி ஆசிரியைகளுக்கு அரச பாடசாலை ஆசிரியருக்குப் போல நியமனக் கடிதம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, இடமாற்றம் கேட்கும் உரிமையும் இல்லை. பெற்றோர் கட்டும் மாதக் காசுதான் சம்பளம். அதற்கு மேல் தகுதி பெற்றவர்களுக்கு அரசு தரும் மாதக் கொடுப்பனவு 2,500 ரூபாவாக இருந்தது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதனுடன் 1,000 ரூபா கூட்டப்பட்டது. அதே வருடம் ஏப்ரலில் தனியார் துறையின் தேசிய அடிப்படைச் சம்பளம் 27,000 ரூபா ஆனது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயர்தரம் முடித்த ஒரு பையன் இந்த வேலையைப் பற்றி வீட்டில் வாயெடுத்தால் அம்மா என்ன சொல்வார் என்பதை நான் எழுதத் தேவையில்லை. ஒரு பெண் இதே சம்பளத்துக்குப் போவது சரி, ஒரு ஆண் போவது வெட்கம் என்று வீடு நினைப்பதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். இந்தச் சம்பளம் யாருக்குமே சரியில்லை.

அப்படியானால் சம்பளத்தைக் கூட்டினால் போதுமா? சீஷெல்ஸைப் பாருங்கள். அங்கே சிறுவர் வகுப்புகள் அரசாங்க ஆரம்பப் பாடசாலைகளோடு சேர்ந்தவை, பெற்றோர் கட்டணம் கட்டுவதில்லை, ஆசிரியர்கள் அரச ஊழியர்கள். முன்பிள்ளைப் பருவத்துக்கென்றே 2013இல் தனி நிறுவனமும் அமைத்தார்கள். ஆனாலும் அந்த வகுப்புகளில் நிற்பவர்கள் ஏறத்தாழ எல்லோரும் பெண்கள். சம்பளம் ஒரு தடை, ஆனால் அதை மட்டும் எடுத்துவிட்டால் ஆண்கள் தானாக வந்துவிட மாட்டார்கள்.

பண்பாடு தடுக்கிறது என்பார்கள் சிலர். எங்கள் பண்பாட்டை எடுத்தாலே அந்த வாதம் நிற்காது. விஜயதசமி அன்று பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய பச்சரிசியில் ‘அ’ எழுதுவிப்பவர் யார்? பெரும்பாலும் ஐயர், அல்லது ஊரில் மதிப்புள்ள ஒரு வாத்தியார், அல்லது தாத்தா. பிள்ளை அழும், கையை இழுக்கும், அரிசியை வாயில் போடும். அவர் சிரித்துக்கொண்டே திரும்பவும் விரலைப் பிடிப்பார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களும் ஆண்கள். குர்ஆன் மதரசாவில் சின்னஞ்சிறுசுகளுக்கு அலிப், பே சொல்லிக்கொடுப்பவரும் அநேகமாக மௌலவிதான். எழுத்தைத் தொடக்கி வைக்க ஆணை அழைத்த சமூகம், அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு தீத்தி மூக்குத் துடைக்கும் வேலையைத்தான் பெண்ணுக்கு என்று ஒதுக்கியது. முன்பள்ளி இரண்டையும் ஒரே வேலையாகச் சேர்க்கிறது. சிக்கல் தொடங்குவது அந்த இரண்டாவது பாதியில்.

இதுவரை பார்த்தது: வேலை தாய்மையின் நீட்சியாக எண்ணப்பட்டது, அதனால் மலிவாக்கப்பட்டது, அதனால் ஆண்கள் வரும் குழாய் ஒடுங்கியது. சம்பளம் அதில் பெரிய பங்கு, முழுப் பங்கு அல்ல.

ஒழுக்கு எங்கே?

சரி, எல்லாவற்றையும் தாண்டி ஓர் இளைஞர் வந்துவிட்டார் என்று வைப்போம். கொழும்பில் பல நேசரிகள் வீட்டின் கீழ்த்தளத்தில் நடப்பவை. முன்னறையில் வகுப்பு, பின்னால் ஒரேயொரு கழிவறை. காலை பத்து மணி, இடைவேளைக்குக் கொஞ்சம் முன். மூன்றரை வயதுப் பிள்ளை ஒன்று கதிரையிலேயே சிறுநீர் கழித்துவிட்டு முழிக்கிறது. ஆசிரியை என்றால் கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிப்போய், கழுவி, பையில் இருக்கும் மாற்று உடுப்பைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவார். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இந்த இளைஞர் என்ன செய்வது? கூட்டிப்போனால் நாளைக்கு ஒரு பேச்சு வரும். போகாமல் பக்கத்து வகுப்பு ஆசிரியையைக் கூப்பிட்டால் பிள்ளை ஈரத்தோடு நிற்கும், அந்த ஆசிரியைக்கு இரட்டை வேலை. ஒரு மாதம் இப்படிப் போனால் ‘இவர் பாதி வேலைதானே செய்கிறார்’ என்ற முணுமுணுப்பு. அவர் விட்டுப் போகும்போது யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

பெற்றோரின் பயத்தை நான் சின்னதாக்கவில்லை. சிறுவர் துஷ்பிரயோகம் உண்மையில் நடக்கிறது. அதற்காகத்தான் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் 1929 என்ற அவசர இலக்கமும் இருக்கின்றன. ஆனால் அதே பெற்றோர் மூன்று வயதுப் பிள்ளையைக் காலையில் வான் அங்கிளிடம் ஏற்றிவிடுகிறார்கள், பின்னேரம் நீச்சல் சேரிடம் விடுகிறார்கள். அங்கே கேட்காத கேள்வியை முன்பள்ளியில் மட்டும் கேட்டால் பிள்ளைக்குப் பாதுகாப்பு அதிகரிக்காது. பாதுகாப்பு என்பது ஆளைப் பார்த்துச் சந்தேகப்படுவதால் வருவதில்லை, ஒழுங்கினால் வருவது. கழிவறைக்கு அரைக்கதவு, வகுப்புக்கும் பின்னறைக்கும் நடுவே கண்ணாடி, உடுப்பு மாற்றும்போது இன்னொரு பெரியவரின் பார்வையில் இருப்பது. இந்த ‘இரு பெரியவர் விதி’ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆணுக்கு மட்டும் வைத்தால் அது விதி அல்ல, குற்றச்சாட்டு.

இரண்டாவது ஒழுக்கு, தனியாக இருப்பது. அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசபெத் மோஸ் கான்டர் 1977இல் இதை விளக்கினார். ஒரு கூட்டத்தில் ஒரு வகையினர் மிகச் சிலராக, ஏறத்தாழ 15 வீதத்துக்கும் கீழே இருந்தால், அவர்கள் ஒவ்வொருவரும் தனி மனிதராகப் பார்க்கப்படுவதில்லை, முழு வகைக்கும் மாதிரியாகப் பார்க்கப்படுகிறார்கள். இதை ‘மாதிரியாள் நிலை’ என்போம். அவர் ஆராய்ந்தது ஒரு பெரிய கம்பனியில் இருந்த சில பெண்களை. முன்பள்ளியில் அதே நிலைமைக்குள் ஆண் போகிறார். ஓர் ஆசிரியை பிள்ளையை அதட்டினால் ‘அந்த ரீச்சர் கொஞ்சம் கடுமை’. ஒரே ஆண் அதட்டினால் ‘ஆம்பிளைகள் இப்படித்தான்’.

மூன்றாவது ஒழுக்கு மேல்நோக்கிப் போவது. பெண்கள் அதிகமுள்ள தொழிலில் சேரும் ஆண்கள் சீக்கிரமே பதவி உயர்த்தப்படுவதை 1992இல் கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் ‘கண்ணாடி நகர்படி’ என்றார். முன்பள்ளியில் சேரும் ஆணை நிர்வாகம், கணக்கு, பயிற்சி அலுவலர் என்று மேலே தள்ளிவிடுகிறார்கள். அவருக்கு நல்லது. ஆனால் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருக்கும் அறையில் திரும்பவும் ஆண் இல்லை. கூடவே, பத்து வருடம் நின்ற ஆசிரியையைத் தாண்டி நேற்று வந்தவர் போகிறார். அதில் ஒரு அநியாயமும் இருக்கிறது.

சுருக்கமாக, வருபவர்களைச் சந்தேகம் தள்ளுகிறது, தனிமை களைப்பாக்குகிறது, பதவி வேறு பக்கம் இழுக்கிறது.

நாடு சின்னதானால் என்ன மாறும்?

முதலில் கணக்கு. ஒரு நாட்டில் முன்பள்ளி ஆசிரியர் நூற்றுக்கு இரண்டு பேர் ஆண்கள் என்று வைப்போம். 20,000 ஆசிரியர்கள் உள்ள நாட்டில் அது 400 பேர். சங்கம் வைக்கலாம், ஒருவரை ஒருவர் தேடிப்பிடிக்கலாம். அதே சாத்தியம் உள்ள ஒரு தீவில் 20 ஆசிரியர்கள்தான் என்றால்? மூன்றில் இரண்டு தடவை அங்கே ஓர் ஆண்கூட இருக்கமாட்டார். இருக்கும் தடவையில் அந்த ஒருவர் 5 வீதம். அவர் வேலையை விட்ட அன்றே 5 வீதம் பூச்சியமாகிறது. இதுதான் ‘சிறு எண் விளைவு’: தொகை சின்னதாக இருக்கும்போது வீதம் தாறுமாறாக ஏறி இறங்கும். ஒரு தீவு நாட்டில் ஆண் ஆசிரியர் வீதம் திடீரென்று விழுந்தது என்று கேள்விப்பட்டால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். ஒருவர் கலியாணம் கட்டி வெளிநாடு போயிருப்பார், அவ்வளவுதான்.

ஆனால் கணக்கோடு முடிவதில்லை. சின்னத் தீவுகளின் பொருளாதாரமே ஆண்களை வேறு பக்கம் இழுக்கிறது. மாலைதீவில் 1972இல் உல்லாசப் பயணத்துறை தொடங்கியது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற அமைப்பு. வேலைக்குப் போகிறவர் அந்த விடுதித் தீவிலேயே தங்க வேண்டும். உள்ளூர்ப் பெண்களில் அப்படிப் போகிறவர்கள் குறைவு, இளைஞர்கள் போகிறார்கள். ஊர்த்தீவில் பள்ளியும் சுகாதார நிலையமும் பெண்கள் கையில். பசிபிக்கில் கிரிபாட்டியும் துவாலுவும் தலைமுறையாகத் தங்கள் இளைஞர்களைக் கப்பலோட்டிகளாகப் பயிற்றி வெளிநாட்டுக் கப்பல்களுக்கு அனுப்பின. 2007இல் நியூசிலாந்து பருவகால வேலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபின் வனுவாட்டு, தொங்கா, சமோவா இளைஞர்கள் பழத்தோட்டங்களுக்குப் போகிறார்கள், போகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். முன்பள்ளி இந்த வேலைகளோடு போட்டிபோட வேண்டும். எங்கள் ஊர்களில் மத்திய கிழக்கு விசா செய்த வேலையை அங்கே கப்பலும் விடுதியும் செய்கின்றன.

பயிற்சியும் இடறுகிறது. பல தீவுகள் தனியாகப் பல்கலைக்கழகம் நடத்த முடியாத அளவு சின்னவை. 1968இல் தொடங்கிய தென் பசிபிக் பல்கலைக்கழகத்தைப் 12 அரசுகள் சேர்ந்து நடத்துகின்றன. தொலைக்கல்வியில் முன்பள்ளிச் சான்றிதழ் படிக்கும் வகுப்பில் தனி ஆணாக ஒருவர், அவருடைய தீவில் அதே பாடம் படிக்கும் வேறு ஆண் யாரும் இல்லை. மாதிரியாள் நிலை படிப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

அப்புறம், எல்லோரும் எல்லோரையும் தெரிந்த இடம். கொழும்பில் ஒருவர் மீது வீண் பேச்சு எழுந்தால் மூன்று பஸ் தரிப்பிடம் தாண்டி வேறு நேசரியில் சேரலாம். சில நூறு பேர் வாழும் தீவில் அப்படி ஓர் இடம் இல்லை. அங்கே முன்பள்ளியும் ஒன்றே, பல இடங்களில் ஆசிரியரும் ஒருவரே. இரு பெரியவர் விதியை ஒரே ஒரு பெரியவரோடு எப்படி நடத்துவது? ஆகவே தீவுப் பெற்றோர் பிற்போக்கானவர்கள் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆள் பலம் போதாததால்தான் பயம் தீர்வில்லாமல் நிற்கிறது.

ஆண் வந்தால் பிள்ளை கெட்டிக்காரனாகுமா?

‘ஆண் ஆசிரியர் இருந்தால் பையன்கள் நன்றாகப் படிப்பார்கள்’ என்பது அடிக்கடி கேட்கும் வாதம். ஆசிரியரின் பாலினத்துக்கும் பிள்ளையின் பெறுபேற்றுக்கும் தொடர்பு தேடிய ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. பிள்ளைக்கு நன்மை தருவது நன்றாகப் பயிற்சி பெற்ற, பிள்ளையை மதிக்கும், நிலைத்து நிற்கும் ஆசிரியர். ஆண் வந்தால் ஒழுக்கம் வரும் என்பது இன்னும் மோசமான வாதம். அது அவரை வகுப்பின் பொலிஸ்காரர் ஆக்குகிறது.

ஆண்கள் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. கண்ணீர் துடைப்பதையும், சோற்றைக் குழைத்துத் தீத்துவதையும், பாயை மடித்து வைப்பதையும் ஆணும் பெண்ணும் செய்வதை மூன்று வயதில் பார்க்கும் பிள்ளைக்கு, அது உலகத்தின் சாதாரண ஒழுங்காகத் தெரியும். அதோடு, விருப்பமும் கைப்பக்குவமும் உள்ள ஓர் இளைஞருக்கு அந்த வேலை மூடிக் கிடக்கக் கூடாது.

எங்கே கை வைக்கலாம்?

நோர்வே இதில் நீண்ட காலம் முயன்ற நாடு. 1990களிலேயே 20 வீதம் என்று இலக்கு வைத்தார்கள். தகுதி சமமாக இருந்தால் ஆணுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள், பாடசாலைப் பையன்களைச் சிறுவர் பள்ளிகளுக்கு விளையாட்டுத் துணையாக அனுப்பினார்கள். எட்டியது ஏறத்தாழ 10 வீதம்தான். இலக்கில் பாதி. ஆனாலும் உலகில் அதுவே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. பணமுள்ள நாட்டிலேயே இப்படி மெதுவாகத்தான் அசைகிறது என்றால், சின்ன நாடுகள் ஐந்து வருடத் திட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு மலைக்கத் தேவையில்லை.

கான்டரின் விளக்கத்தை ஏற்றால் ஒரு வழி தெளிவு: ஆண்களை ஒவ்வொருவராகச் சேர்க்காதீர்கள். ஒரு பிரதேசத்தில் பத்து முன்பள்ளிக்கும் ஒவ்வொருவர் என்று தூவினால் பத்து இடத்திலும் மாதிரியாள் நிலை. ஒரே முன்பள்ளியில் இருவரைச் சேர்த்தால் ஒருவர் கடுமை, மற்றவர் சாது என்று பெற்றோர் பிரித்துப் பார்க்கத் தொடங்குவார்கள். பயிற்சியிலும் அப்படியே. நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் ஆண்களுக்கும் திறந்தே இருக்கிறது. இரண்டு மூன்று பேரை ஒன்றாக அனுப்பினால் ஒருவருக்கொருவர் துணை.

இதில் ஒரு எல்லையும் வைக்க வேண்டும். ஆண்களை இழுப்பதற்கென்று தனிக் கொடுப்பனவு கொடுக்கும் யோசனை சில நேரம் எழும். நான் அதை ஏற்கமாட்டேன். இத்தனை வருடமாக 2,500 ரூபாக் கொடுப்பனவை நம்பி, தன் கைக்காசில் வர்ணப் பென்சில் வாங்கி, காய்ச்சலோடு வந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வகுப்பு நடத்திய ஆசிரியைக்கு ஒரு தொகை, நேற்று வந்த ஆணுக்கு வேறு தொகை என்றால், குறைந்த சம்பளத்தின் மூல காரணத்தையே நாம் திரும்ப எழுதிவைக்கிறோம். நியமனக் கடிதமும், ஊழியர் சேமலாப நிதியும், வாழக்கூடிய சம்பளமும் முதலில் இப்போது இருக்கும் ஆசிரியைகளின் கைக்கு வரட்டும். அதே கடிதம், அதே தொகை, ஆண் விண்ணப்பித்தாலும்.